விலகுவதா என்று கேட்டார்கள், எப்படி என்று கேட்கவில்லை

பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது 2020 ஜனவரி 31 ஆம் திகதி இரவு 11 மணிக்கு. அதற்கு முந்தைய மூன்றரை ஆண்டுகளாக இந்த நாட்டைப் பிடித்தாட்டிய சண்டை, விலக விரும்பியோருக்கும் இருக்க விரும்பியோருக்கும் இடையில் நடந்ததென்றே பலரும் இன்றும் சொல்கிறார்கள். இங்கேயே வாழ்ந்து அதைப் பார்த்த எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. வாக்கெடுப்புக்குப் பின் மூண்ட சண்டையில் பெரும்பங்கு, விலகல் அணியினர் தங்களுக்குள்ளேயே போட்டதுதான். எப்படி விலகுவது என்பதை மக்களிடம் எவரும் கேட்டிருக்கவில்லை.

2016 ஜூன் 23 ஆம் திகதி வாக்குச்சீட்டில் இருந்தது ஒரே கேள்வி: ஒன்றியத்தில் தொடர்வதா, விலகுவதா? விலகலுக்கு 51.9 சதவீதமும் தொடர்வதற்கு 48.1 சதவீதமும் கிடைத்தன. இங்கிலாந்தும் வேல்ஸும் ஒரு பக்கம் நிற்க, ஸ்கொட்லாந்தும் வட அயர்லாந்தும் மறுபக்கம் நின்றன. விலகச் சொன்னவர்களிலோ ஆளுக்கொரு வழி இருந்தது. நோர்வேயைப் போல, பொருட்களும் ஆட்களும் தடையின்றிப் போய்வரும் ஒற்றைச் சந்தையில் மட்டும் இருக்கலாம் என்றார்கள் சிலர். கனடாவைப் போல ஒரு வர்த்தக ஒப்பந்தம் போதும் என்றார்கள் வேறு சிலர். வாரந்தோறும் 350 மில்லியன் பவுண்களை ஒன்றியத்துக்கு அனுப்புவதாகவும், அதைத் தேசிய சுகாதார சேவைக்குக் கொடுக்கலாம் என்றும் எழுதிய சிவப்புப் பேருந்து ஊர் ஊராகப் போனது. பிரித்தானியா ஒன்றியத்துக்குக் கட்டும் பணத்தில் கிடைத்துவந்த கழிவை, அதாவது தள்ளுபடியை, கணக்கில் எடுக்காத அந்தத் தொகை தவறான எண்ணத்தைத் தருவது என்று நாட்டின் புள்ளிவிபர ஆணையகமே கண்டித்தும் பேருந்து நிற்கவில்லை. மறுபக்கமும் சுத்தமில்லை. விலகினால் வரிகளை உயர்த்தி அவசர வரவு செலவுத் திட்டம் கொண்டுவர நேரும் என்று நிதியமைச்சர் ஜோர்ஜ் ஒஸ்போர்ன் மிரட்டினார். அப்படியொன்று வரவே இல்லை.

யாருக்கு வாக்கு என்று வகுத்த விதத்தையும் என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. இங்கே சட்டப்படி வசிக்கும் பொதுநலவாய நாட்டுக் குடிமக்கள் வாக்களிக்கலாம். ஒன்றிய நாட்டவரில் அயர்லாந்து, மால்டா, சைப்பிரஸ் குடிமக்களைத் தவிர வேறெவருக்கும் வாக்கில்லை. இலங்கையிலிருந்து நேரே லண்டனுக்கு வந்து, இலங்கைக் கடவுச்சீட்டையே வைத்திருந்த என் அத்தானுக்கு வாக்கு இருந்தது. நெதர்லாந்தில் தஞ்சம் கோரி, அந்நாட்டுக் குடியுரிமை பெற்று, பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காக இங்கே குடிபெயர்ந்த என் பெரியம்மாவின் மகளுக்கு இல்லை. அத்தான் விலகலுக்கே வாக்களித்தார். “நாங்கள் மனைவியைக் கூப்பிடச் சம்பளக் கணக்குக் காட்டி, ஆங்கிலப் பரீட்சை எழுதுவித்து, மாதக்கணக்கில் காத்திருந்தோம். ஐரோப்பிய நாட்டவர் கடவுச்சீட்டை நீட்டிவிட்டு உள்ளே வருகிறார்கள்” என்றார். “நானும் அப்படித்தானே அத்தான் வந்தேன்?” என்று அக்கா கேட்டார். “உன்னைச் சொல்லவில்லை, தங்கச்சி” என்றார் அத்தான். இந்த உரையாடல் அந்த மாதங்களில் எங்கள் ஆட்களின் எத்தனையோ வீடுகளில் ஏதோவொரு வடிவில் நடந்தது.

அத்தானின் மனக்குறை நியாயமானது. ஆனால் வாழ்க்கைத்துணையை அழைக்க ஆண்டுக்கு 18,600 பவுண் வருமானம் வேண்டும் என்று 2012 இல் விதித்தது லண்டனில் இருந்த அரசாங்கம். ஒன்றியத்தின் தலைமையகமான பிரசல்ஸுக்கு அதில் பங்கில்லை. விலகிய பின்னர், 2024 ஏப்ரலில், அதே வரம்பை 29,000 பவுணாக உயர்த்தியதும் லண்டன்தான். விலகினால் எங்களுக்கான கதவு அகலத் திறக்கும் என்ற பேச்சை நம்பி வாக்களித்தவர்களிடம் இதை யாராவது அன்றே எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

சொல்லாமல் விட்டதெல்லாம் பாராளுமன்றத்தில் வெடித்தது. அப்போதைய பிரதமர் தெரேசா மே ஒன்றியத்துடன் பேசிக் கொண்டுவந்த விலகல் ஒப்பந்தம் 2019 ஜனவரி 15 ஆம் திகதி 432க்கு 202 என்ற வாக்குகளில் தோற்றது. எதிர்த்தவர்களில் விலகல் போதவில்லை என்றவர்களும் இருந்தார்கள், விலகவே கூடாது என்றவர்களும் இருந்தார்கள். மார்ச் 27 ஆம் திகதி எட்டு மாற்று யோசனைகளைச் சபையின் முன் வைத்தார்கள். ஒன்றுக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஏப்ரல் 1 ஆம் திகதி ஒன்றியத்துடன் சுங்கவரி இல்லாமல் வர்த்தகம் செய்யும் சுங்க ஒன்றிய யோசனை 273க்கு 276 என மூன்றே வாக்குகளில் தோற்றது. அந்த மூன்று வாக்குகள் இடம் மாறியிருந்தால் பின்னால் வந்தவற்றில் எவ்வளவோ வேறாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் உறுத்துவது வட அயர்லாந்து. ஒன்றியத்திலேயே தொடரும் அயர்லாந்துக் குடியரசுடன் அதற்குள்ள எல்லை சுமார் 500 கிலோமீற்றர். அதைக் கடந்து செல்லும் பாதைகள் இருநூறுக்கும் மேல். வட அயர்லாந்தின் நீண்ட வன்முறையை முடிக்க 1998 ஆம் ஆண்டு எட்டிய பெரிய வெள்ளி உடன்படிக்கையைத் தொடர்ந்து இராணுவக் காவலரண்கள் அகன்று, ஒரு நாட்டிலிருந்து மற்ற நாட்டுக்குப் போவது தெரியாமலேயே மக்கள் வேலைக்கும் பாடசாலைக்கும் போய்வந்தார்கள். சோதனைச் சாவடிகளில் இறங்கி நடந்து வளர்ந்த எங்களுக்கு அது எவ்வளவு பெரிய விடயம் என்று விளக்க வேண்டியதில்லை. 55.8 சதவீதத்தினர் தொடரவே வாக்களித்த அந்தப் பகுதிக்கு, ஒன்றியத்துக்குள் போகும் பொருட்களை எங்காவது சோதித்தாக வேண்டும் என்பதால், தரையில் எல்லை வேண்டாமென்றால் கடலில் எல்லை என்ற தீர்வே கிடைத்தது. பிரித்தானியப் பெருந்தீவிலிருந்து வரும் பொருட்களை லார்ன், பெல்பாஸ்ட் துறைமுகங்களில் சோதிக்க வேண்டியதாயிற்று. அதை எதிர்த்து பிரித்தானியாவுடனேயே இணைந்திருக்க வேண்டும் என்னும் ஜனநாயக ஒன்றியவாதக் கட்சி 2022 முதல் இரண்டு ஆண்டுகள் வட அயர்லாந்தின் இரு தரப்பும் சேர்ந்து நடத்தும் ஆட்சிப் பகிர்வில் சேர மறுத்தது. 2023 இல் பிரித்தானியாவும் ஒன்றியமும் செய்துகொண்ட வின்ட்சர் ஏற்பாடு, வட அயர்லாந்திலேயே தங்குபவற்றுக்குப் பச்சை வழி, ஒன்றியத்துக்குள் போகக்கூடியவற்றுக்குச் சிவப்பு வழி என்று பொருட்களைப் பிரித்துச் சிக்கலைக் குறைத்திருக்கிறது, தீர்க்கவில்லை.

இப்போது கருத்துக்கணிப்புகளில் விலகியது பிழை என்போரே அதிகம். மீண்டும் சேர வேண்டும் என்ற குரலும் உரத்து வருகிறது, நானும் அந்தப் பக்கம் நிற்பவன்தான். ஆனால் பழைய கழிவு திரும்பக் கிடைக்குமா, யூரோவை ஏற்க வேண்டி வருமா, ஆட்கள் தடையின்றி வந்துபோவதை இந்த நாடு ஒப்புக்கொள்ளுமா என்று கேட்டால், எங்கள் பக்கத்திலும் ஆளுக்கொரு பதில்தான் வருகிறது. இன்னொரு வாக்கெடுப்பு வருமானால், நிபந்தனைகளை முதலில் பேசி எழுதி முடித்து, அந்த உடன்படிக்கையை மக்கள் முன் வைத்து, ஏற்கிறீர்களா என்று கேட்க வேண்டும். இங்கே நிரந்தர வதிவிட உரிமையுடன் வரி கட்டி வாழும் அக்கா போன்றவர்களுக்கும் அதில் வாக்கு இருக்க வேண்டும்.