டிரெயின் வால்வுக்குக் கம்பி கட்டியாயிற்று

நான் கட்டிவரும் ஆர்வி-7 என்னும் சிறு விமானத்தின் வேலையில் இந்த வாரம் உள்ளங்கைக்குள் அடங்கும் பாகங்கள்தான். இறக்கைத் தொட்டிக்கு ஒன்றாக இரண்டு, எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தடுப்புத் தகட்டில் காஸ்கொலேட்டர் என்னும் வடிகட்டிக் கிண்ணத்தின் அடியில் ஒன்று என டிரெயின் வால்வுகள். தண்ணீர் விமானப் பெட்ரோலைவிடக் கனமானது, அடியில் போய்த் தங்கும். பறக்கும் முன் வால்வை அழுத்திக் குப்பியில் பிடித்தால், நீல நிற 100எல்எல் பெட்ரோலுக்குக் கீழே அது நிறமில்லாமல் தனியாகத் தெரியும்.

ஒவ்வொரு முறையும் கை படும் இடம் இது. நான் வாங்கியது, அழுத்தித் திருப்பினால் திறந்தபடியே நிற்கும் வகை. தொட்டியைக் காலி செய்ய அது வசதிதான். ஆனால் அந்தத் திருப்பலில் முழு வால்வுமே மரையிலிருந்து நெகிழ வாய்ப்பு உண்டு. எஞ்சின் அதிர்வும் சேர்ந்துகொள்ளும். சூடான புகைக்குழாய்க்குப் பக்கத்தில் பெட்ரோல் சொட்டலாமா? அதனால் காஸ்கொலேட்டர் வால்வுக்குச் சேஃப்டி வயர், அதாவது கழலாமல் இழுத்துக் கட்டும் கம்பி, போட முடிவு செய்தேன்.

கம்பி கழலாமல் பிடிக்குமே தவிர, கசிவை அடைக்காது. ஆகவே முதல் கவனம் மரைக்கு. இது 1/8 அங்குலக் கூம்பு மரை, உள்ளே போகப் போக இறுகும். டெஃப்லான் டேப் பக்கமே போகவில்லை. அதன் துணுக்கு ஒன்று கார்புரேட்டருக்குள் போனால் போதும், வினைதான். பெட்ரோலில் கரையாத ஃப்யூயல் லூப் என்னும் கிரீஸை, முனை மரையை விட்டுவிட்டு மெல்லியதாகத் தடவினேன். கிண்ணம் அலுமினியம், ஸ்பேனரில் பலத்தைக் காட்டினால் விரிசல் விடும்.

கம்பி நுழைய வால்வுத் தலையில் ஒரு துளை வேண்டும். அது வசதியான பக்கம் வருவதற்காகக் கூம்பு மரையைப் பின்னோக்கித் திருப்பவும் கூடாது, கசியும். வால்வு இறுகி நின்ற இடத்தில் எந்த மூலை வசதியோ அதில் பேனாவால் குறியிட்டுக் கழற்றினேன். மறுபடி மாட்டும்போது இன்னும் சற்றுக் கூடுதலாகவே போகும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டேன். அறுகோணத் தலையின் மூலையை அரத்தால் லேசாகத் தட்டையாக்கிவிட்டு 1/16 அங்குல டிரில்லை இறக்கினேன். பித்தளை டிரில்லைக் கவ்வி இழுக்கும் குணமுடையது, அவசரப்பட்டால் முனை ஒடிந்துவிடும். துளையிடும் முன்பே ஓ-ரிங்கைக் கழற்றி வைத்தேன். பிசிறு ஒன்று அதில் ஒட்டினாலும் வால்வு மூடாது.

கம்பி 0.032 அங்குல ஸ்டெயின்லெஸ். அமெரிக்க விமானத்துறை நிர்வாகத்தின் ஏசி 43.13-1பி கையேட்டின்படி அங்குலத்துக்கு 6 முதல் 8 முறுக்கு. வால்வு கழல முயன்றால் கம்பி விறைத்து இழுக்க வேண்டும், திசையைக் கவனிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இவ்வளவு குறுகிய இடைவெளிக்கு முறுக்குப் பிளையர் அதிகம், கையாலேயே முறுக்கினேன். மறுமுனை காஸ்கொலேட்டரின் தாங்கியில். மிஞ்சிய வாலை மடக்கி உள்ளே திருப்பிவிட்டேன். இல்லாவிட்டால் அடுத்து அங்கே கை விடுபவர் விரலைக் கிழித்துக்கொள்வார்.

இறக்கை வால்வுகளுக்கு அருகில் கம்பி கட்ட எதுவும் இல்லை. அவற்றில் வால்வுக்கும் தகட்டுக்கும் குறுக்கே டார்க் சீல் என்னும், காய்ந்து இறுகும் குறியீட்டுப் பசையால் ஆரஞ்சு நிறக் கோடு மட்டும் இழுத்தேன். வால்வு நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, கீழே வெள்ளைத் தாள் விரித்து இரவு முழுக்க விட்டேன். நீலக் கறை எதுவும் இல்லை. அடுத்த வேலை, குப்பி உள்ளே போகும்படி எஞ்சினின் கீழ் மூடியில் துளை வெட்டுவது.