கணுக்கால் வீக்கமும் வலி மாத்திரையும்

ஜூன் 4
படியில் கால் பிசகி, கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. சாயங்காலத்துக்குள் வெளிப்பக்க எலும்பு மேடே தெரியாத அளவு வீக்கம், தொட்டால் சூடு. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை, ஜவ்வுதான் இழுபட்டிருக்கிறது. வலிக்கு முதலில் பாராசிட்டமால், தாங்க முடியாவிட்டால் மட்டும் டைக்ளோஃபினாக் என்றார் டாக்டர். ஏன் அப்படி என்று கேட்டேன். “வீக்கம் கொஞ்சம் அதன் வேலையைச் செய்யட்டும்” என்றார்.

ஜூன் 5
காலை உயர்த்தி வைத்துக்கொண்டு படித்ததில் விஷயம் பிடிபட்டது. அடிபட்ட திசுவில் காக்ஸ் என்ற நொதி, ப்ராஸ்டாகிளாண்டின்கள் என்ற வேதிப்பொருள்களை உண்டாக்குகிறது. ரத்தக்குழாய் விரிவதும், லேசாகத் தொட்டாலே நரம்பு துடிப்பதும் பெரும்பாலும் இவற்றால்தான். ஆஸ்பிரின் வகை மருந்துகள் இந்த உற்பத்தியையே தடுக்கின்றன என்று 1971இல் ஆங்கிலேய மருந்தியலாளர் ஜான் வேன் காட்டினார். 1982இல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் இதே வழிதான். பாராசிட்டமால் வலியையும் காய்ச்சலையும் தணிக்கும், அழற்சியை, அதாவது அடிபட்ட இடம் சிவந்து சூடாகி வீங்குவதை, அவ்வளவாகத் தொடாது.

ஜூன் 7
வீக்கம் இறங்குகிறது, குதிகால் ஓரம் நீலம் பாய்ந்திருக்கிறது.

அடிபட்ட இடத்தில் முதலில் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளை அணுக்கள் வந்து குவிகின்றன. பின்னாலேயே வரும் மேக்ரோஃபேஜ்கள் என்ற விழுங்கு அணுக்கள் சிதைந்ததை விழுங்கி, புது இழை வளரச் சமிக்ஞை தருகின்றன. அழற்சி தானாக அடங்குவதற்கான ஏற்பாடும் அதற்குள்ளேயே இருக்கிறது. 2022இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரம்பத்திலேயே டைக்ளோஃபினாக் கொடுத்த எலிகளுக்கு வலி அப்போதைக்குக் குறைந்தது. ஆனால் நெடுநாள் நீடித்தது. அழற்சியைத் தடுக்காமல் வலியை மட்டும் குறைக்கும் லிடோகெய்ன், மார்ஃபின் கொடுத்தவற்றுக்கு அப்படி நீளவில்லை. என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இதுதான். வலியைக் குறைப்பது வேறு, அழற்சியை அமுக்குவது வேறு. இரண்டையும் ஒன்றாகவே நினைத்து மாத்திரை விழுங்குகிறோம்.

ஜூன் 9
எலும்பு விஷயமும் பார்த்தேன். காக்ஸ் நொதியின் ஒரு வகையான காக்ஸ்-2 இல்லாத எலிகளில் முறிவு சரியாகக் கூடுவதில்லை. மனிதர்களில் ஆய்வு முடிவுகள் ஒத்துப்போகவில்லை; டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளைச் சில நாள் சாப்பிடுவதால் பெரிய கெடுதல் என்று சொல்லிவிட முடியாது. வயிற்றுப் புண், சிறுநீரகப் பாதிப்பு பற்றிய எச்சரிக்கைதான் உறுதியானது.

ஜூன் 12
மெல்ல நடக்கிறேன். இதையெல்லாம் கேட்ட அத்தை, முடக்குவாதத்துக்குத் தான் சாப்பிடும் மாத்திரையையும் நிறுத்தலாமா என்றார். பதறிவிட்டேன். “வேண்டாம் அத்தை, உங்களுக்கு வந்திருக்கும் அழற்சி எதையும் ஆற்ற வந்ததில்லை, மூட்டை அரிப்பதே அதுதான். டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடாதீங்க” என்றேன்.