அப்பாவின் சளியை லேபுக்குக் கொண்டுபோன கதை

அப்பாவுக்கு 68 வயது, சர்க்கரை உண்டு. மார்கழிப் பனியில் பிடித்த இருமல் தை பிறந்தும் விடவில்லை. மேலூரில் ஒரு மருந்துக்கடையில் சொன்னதும் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மூன்று மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு நாள் அடங்கின மாதிரி இருந்து மறுபடி கிளம்பியது. அடுத்து செஃபிக்ஸிம், அதுவும் ஆன்டிபயாடிக்தான். வாங்கி வந்தது நான்தான். சீட்டு அவர்களும் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை. 2014-லிருந்து செஃபிக்ஸிமை விற்றால் நோயாளி பெயரையும் எழுதிக்கொடுத்த டாக்டர் பெயரையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது சட்டம். அட்டையிலேயே சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை போட்டிருக்கிறது. அப்புறம்தான் படித்தேன்.

சாயங்காலமானால் காய்ச்சல் வர ஆரம்பித்ததும் மதுரைக்குக் கூட்டிப்போனோம். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பக்கம் வெள்ளையாகத் தெரிந்தது. ஆக்சிஜன் அளவு சரியாக இருந்ததால் அன்றைக்கு அட்மிஷன் வேண்டாம் என்றார் டாக்டர். "இதுவரைக்கும் என்ன மாத்திரை, எத்தனை நாள்?" என்று கேட்டு எழுதிக்கொண்டு, காசநோய்ப் பரிசோதனையோடு சளி கல்ச்சருக்கும், அதாவது சளியிலுள்ள கிருமியை வளர்த்து எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் சோதனைக்கும், சீட்டு கொடுத்தார்.

மறுநாள் காலை டப்பாவோடு பஸ் ஏறினேன். மதியமே லேபிலிருந்து போன். "அண்ணே, நீங்க குடுத்தது எச்சில்ண்ணே, சளி இல்ல. திரும்ப எடுக்கணும்." மைக்ராஸ்கோப்பில் வாய்த்தோல் செல்கள்தான் நிறைய இருந்தனவாம், சீழ் செல்கள் இல்லையாம். அதைக் கல்ச்சர் போட்டால் வாயில் சாதாரணமாக இருக்கும் கிருமிதான் வளரும். எடுக்கும் முறையை அந்தத் தங்கச்சி பொறுமையாகச் சொன்னார். விடிகாலையில், சாப்பிடுவதற்கு முன்னால், வெறும் தண்ணீரில் வாயை நன்றாகக் கொப்பளிக்க வேண்டும். ஆழமாக மூச்சை இழுத்து, நெஞ்சிலிருந்து இருமித் துப்ப வேண்டும். டப்பாவின் உள்பக்கம் விரல் படக்கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்கு வந்துவிட வேண்டும்.

மேலூரிலிருந்து கிளம்பினால் அந்த இரண்டு மணி நேரத்தை நம்ப முடியாது. அன்றிரவு சிம்மக்கல்லில் அத்தை வீட்டில் தங்கினோம். காலை ஐந்தரைக்கு மொட்டைமாடியில் அப்பா முதுகைத் தட்டிக்கொண்டே நின்றேன். நாலாவது இருமலில் பச்சையும் மஞ்சளுமாகக் கெட்டியாக வந்தது. ஆறரைக்கெல்லாம் டப்பா லேபில் இருந்தது.

மூன்றாம் நாள் ரிப்போர்ட். க்ளெப்சியெல்லா நிமோனியே என்று ஒரு பாக்டீரியாவின் பெயர். எனக்குப் புரியவில்லை என்றதும் ஜன்னல் வழியாகத் தட்டைக் காட்டினார்கள். வட்டத் தட்டு முழுக்கப் பால் ஆடை படிந்த மாதிரி கிருமி. அதன்மேல் மருந்தில் நனைத்த காகிதப் பொட்டுகள். மெரோபெனம் என்ற மருந்தின் பொட்டைச் சுற்றி ரூபாய் நாணயம் அளவுக்குக் கிருமியே இல்லாமல் தெளிவாக இருந்தது, அந்த மருந்து கேட்கும் என்று அர்த்தம். செஃப்ட்ரியாக்சோன் என்ற இன்னொரு மருந்தின் பொட்டை ஒட்டியே கிருமி வளர்ந்திருந்தது, அது கேட்காது. செஃபிக்ஸிமும் இதே குடும்பம்தான். இந்த வகை மருந்துகளை வெட்டிப்போடும் நொதியை அந்தக் கிருமியே சுரக்கிறதாம். பட்டியலில் அசித்ரோமைசினைத் தேடினேன். "இந்தக் கிருமிக்கு அதை டெஸ்ட் பண்றதே இல்லண்ணே" என்றார் லேப் தங்கச்சி.

காசநோய் இல்லை என்று வந்தது. அன்றே அட்மிஷன், எட்டு மணி நேரத்துக்கு ஒருதரம் மெரோபெனம், ஏழு நாள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. ஆனால் டாக்டருக்கு அந்த மருந்தைத் தொடவே மனசில்லை. அதே குடும்பத்து இமிபெனம், ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) கண்காணிப்பில் உள்ள மருத்துவமனைகளில் 2016-ல் க்ளெப்சியெல்லா மாதிரிகளில் 65 சதவீதத்துக்குக் கேட்டது, 2021-ல் 43 சதவீதத்துக்குத்தான் கேட்டது என்றார். "இதுக்கு மேல கையில அதிகம் இல்லப்பா" என்று அவர் சொன்னபோது அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இருமல் இழுத்துக்கொண்டே போனால், அடுத்த மாத்திரைக்கு முன்னால் கல்ச்சர் எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பாதி மருந்து உள்ளே போனபிறகு எடுத்தால் சில சமயம் எதுவுமே வளராதாம். எங்களுக்கு வளர்ந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

அந்த ரிப்போர்ட்டின் நகல் இப்போது அப்பாவின் சர்க்கரை நோட்டுக்குள் இருக்கிறது. எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைத்தான் எடுத்து நீட்டுகிறார்.