கல்ச்சரில் கிருமி இல்லை, வலி மட்டும் போகவில்லை: சரியான டாக்டரைத் தேடிப் பிடிப்பது

சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் "நோ குரோத்", அதாவது எதுவும் வளரவில்லை என்று வந்தால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. முக்கால் மணிக்கொரு தடவை பாத்ரூமுக்கு ஓடுகிறவருக்குத்தான் இல்லை. கிருமியே இல்லையென்றால் அடிவயிற்றில் இந்தக் கடுப்பு எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்வியைத் தன் கேள்வியாக எடுத்துக்கொள்கிற டாக்டர்தான் நமக்கு வேண்டியவர். "ஒண்ணும் இல்லைம்மா, டென்ஷன் ஆகாதீங்க, நிறைய தண்ணி குடிங்க" என்று அங்கேயே முடித்துவிடுகிறவரிடம் மூன்றாம் தடவை போவது வீண் செலவு.

நீர்ப்பை நிறைய நிறைய வலி ஏறி, போய் வந்ததும் கொஞ்சம் தணிந்து, கிருமியோ வேறு காரணமோ பிடிபடாமல் ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டர்கள் இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைட்டிஸ் அல்லது பிளாடர் பெயின் சிண்ட்ரோம் என்ற திசையில் யோசிப்பார்கள். இதை உறுதி செய்ய ஒற்றை ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளித்தான் இங்கே வந்து சேர வேண்டும். அதனால்தான் பொறுமையுள்ள டாக்டர் தேவைப்படுகிறார். ஓவர்ஆக்டிவ் பிளாடர் வேறு. அதில் கசிந்துவிடுமோ என்ற பயத்தில் ஓடுவோம், இதில் வலி தாங்காமல் ஓடுவோம். கேட்க ஒன்றுபோல இருந்தாலும் மருந்து வேறு.

டாக்டரைத் தேடும் முன் கையில் இரண்டு காகிதம் வேண்டும். முதலாவது, நம்பத்தக்க கல்ச்சர் ரிப்போர்ட். பெரும்பாலானோருக்குக் கோளாறு இங்கேயே தொடங்குகிறது. தெருமுனை கிளினிக்கில் ஆன்டிபயாட்டிக் எழுதிக்கொடுப்பார்கள். இரண்டு நாள் போட்டும் கேட்காமல், அப்புறம் கல்ச்சருக்குக் கொடுப்போம். அந்த "நோ குரோத்"துக்கு மதிப்பே இல்லை. மாத்திரை தொடங்கும் முன்போ, கோர்ஸ் முடிந்து ஒரு வாரமாவது கழித்தோ கொடுக்க வேண்டும். தண்ணீரில் கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதை லேப் கொடுத்த மூடி போட்ட டப்பாவில் பிடிக்க வேண்டும். டப்பாவின் உட்புறத்தில் விரல் படக்கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் சேர வேண்டும். முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைத்து அன்றைக்கே கொடுக்கலாம். வெயிலில் வண்டி டிக்கியில் கிடந்த சாம்பிளில் கிருமி பெருகி, இல்லாத இன்ஃபெக்ஷன் ரிப்போர்ட்டில் வந்துவிடும். "மிக்ஸ்டு குரோத்" என்று வந்தால் பெரும்பாலும் தோலில் இருந்த கிருமி கலந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மருந்து வேண்டாம், மறுபடி சாம்பிள் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது காகிதம் மூன்று நாள் நீர்க்கணக்கு. மி.லி. கோடு போட்ட பிளாஸ்டிக் மக் ஒன்றைப் பாத்ரூமுக்கென்றே ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு தடவையும் நேரம், அளவு, வலிக்கு 0 முதல் 10 வரை ஒரு எண், அதற்கு முன் குடித்தது என்ன என்று எழுத வேண்டும். ஒரு பக்கம் இப்படி இருக்கும்:

காலை 6.10 – 190 மி.லி. – வலி 7
6.55 – 60 மி.லி. – வலி 4 – காபி
7.30 – 45 மி.லி. – வலி 6
8.20 – 80 மி.லி. – வலி 5

நீர்ப்பை சாதாரணமாக 300, 400 மி.லி. வரை பிடிக்கும். 45 மி.லி.க்கே ஓட வேண்டியிருக்கிறது என்பதைக் கால் மணி நேரம் வாயால் சொன்னாலும் ஏறாது, இந்தப் பக்கத்தைப் பார்த்தால் அரை நிமிடத்தில் புரிந்துவிடும். இன்னொரு பயனும் உண்டு. ஒவ்வொரு தடவையும் 350 மி.லி. போகிறதென்றால் விஷயம் நீர்ப்பையில் இல்லாமலும் இருக்கலாம். சர்க்கரையைப் பார்க்க வேண்டும், எவ்வளவு தண்ணீர் குடிக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

இனி யாரிடம் போவது? நம் ஊரில் எல்லோரும் "கிட்னி டாக்டர்"தான், குழப்பமும் அங்கேதான். நெஃப்ராலஜிஸ்ட் பார்ப்பது சிறுநீரகம் செயலிழப்பது, டயாலிசிஸ் போன்றவை; பெயருக்குப் பின் எம்.டி., டி.எம். என்று இருக்கும். நீர்ப்பைக்குப் போக வேண்டியது யூராலஜிஸ்டிடம், போர்டில் எம்.எஸ்., எம்.சிஎச். என்றோ டிஆர்.என்.பி. என்றோ போட்டிருப்பார்கள். இது தெரியாமல் நெஃப்ராலஜிஸ்டிடம் போய், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் நார்மல் என்று கேட்டுத் திரும்பியவர்கள் நிறைய. அரசு மருத்துவமனைகளில் சென்னை ராஜீவ் காந்தி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், மதுரை ராஜாஜி ஆகியவற்றில் யூராலஜி துறை இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மர், தனியாரான வேலூர் சி.எம்.சி.யிலும் உண்டு. அரசு ஓ.பி.யில் முதல் தடவை பார்த்த யூனிட் எது, அதன் நாள் எது என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். வேறு நாளில் போனால் வேறு யூனிட் உட்கார்ந்திருக்கும். கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

தனியார் என்றால் அப்பாயின்ட்மென்ட் போடும்போதே போனில் ஒன்று கேளுங்கள்: "டாக்டர் பிளாடருக்குள்ள மருந்து ஏத்துற ட்ரீட்மென்ட் செய்வாரா?" ரிசப்ஷனில் இருப்பவர் கேட்டுச் சொல்வார். கல் எடுப்பதையே முழுநேர வேலையாக வைத்திருக்கும் யூராலஜிஸ்டுகளும் உண்டு. திறமைசாலிகள்தான், ஆனால் இந்த நோயாளிக்கு ஒதுக்க அவர்களிடம் நேரம் இருக்காது. பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டி வலி ஏறினால் மகப்பேறு டாக்டரும் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்படலம் போன்ற திசு வெளியே வளர்வது) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆண்களுக்கு இதே வலியைப் புரோஸ்டேட் என்று சொல்லி மாதக்கணக்கில் மருந்து ஓடுவது சகஜம்.

உள்ளே போனதும் சொல்லும் முதல் வாக்கியம் முக்கியம். "யூரின் இன்ஃபெக்ஷன் விட்டு விட்டு வருது டாக்டர்" என்று ஆரம்பித்தால் கை தானாக ஆன்டிபயாட்டிக் எழுதும். நோயின் பெயரை நாம் சொல்லக்கூடாது, நடப்பதைச் சொல்ல வேண்டும்: "எட்டு மாசமா நீர்ப்பை நிறைஞ்சா வலிக்குது, போனா குறையுது. பகல்ல 14 தடவை, ராத்திரி 4. மூணு கல்ச்சர் எடுத்தாச்சு, எதுலயும் கிருமி இல்லை." அவ்வளவுதான், காகிதத்தை நீட்டுங்கள். தாம்பத்தியத்தின்போது வலி இருந்தால் அதையும் அதே காகிதத்தில் எழுதிவிடுங்கள். கூட வந்த மாமியார் முன்னால் வாயால் சொல்ல வராது, ஆனால் டாக்டருக்கு அது தெரிந்தே ஆக வேண்டும்.

நல்ல டாக்டர் என்பதற்கு முதல் அடையாளம், அவர் எதையெல்லாம் தள்ளப் பார்க்கிறார் என்பது. சிறுநீரில் சீழ்செல் இருக்கிறது, கல்ச்சரில் மட்டும் ஒன்றும் வளரவில்லை என்றால் நம் நாட்டில் காசநோயை நினைத்தே ஆக வேண்டும். அந்தக் கிருமி சாதாரணக் கல்ச்சரில் வளராது. மூன்று நாள் விடிகாலை முதல் சிறுநீரைத் தனியாகச் சோதிக்க வேண்டும். சிறுநீரில் ரத்தம், நாற்பதைத் தாண்டிய வயது, புகைப்பழக்கம் எல்லாம் சேர்ந்தால் புற்றுநோய் இல்லையென்று உறுதி செய்ய சைட்டாலஜியும் (சிறுநீரில் உள்ள செல்களைப் பார்ப்பது) சிஸ்டோஸ்கோபியும் (நீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) கேட்பார். போன பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஸ்கேனில் அளக்கச் சொல்வார். சிஸ்டோஸ்கோபி எல்லோருக்கும் முதல் நாளே தேவையில்லை. நீர்ப்பைச் சுவரில் ஹன்னர் புண் இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் தள்ளிப்போடவும் கூடாது. 1915-ல் ஹன்னர் (Guy Hunner) என்ற அமெரிக்க டாக்டர் விவரித்த புண் அது. இருந்தால் அந்த இடத்தைச் சுட்டோ, ஸ்டீராய்டு ஊசி போட்டோ நல்ல நிவாரணம் தர முடியும். பொட்டாசியம் கரைசலை உள்ளே விட்டு வலிக்கிறதா என்று பார்க்கும் பழைய சோதனையை அமெரிக்க யூராலஜி சங்கமே வேண்டாம் என்கிறது. அதை யாராவது எழுதினால் ஏன் என்று கேளுங்கள்.

இரண்டாவது அடையாளம், மருந்தை விளக்கும் விதம். ராத்திரிக்கு அமிட்ரிப்டிலின் 10 மி.கி. எழுதுவார். மெடிக்கல் ஷாப்காரர் "இது மனசு சரியில்லாதவங்களுக்குக் கொடுக்கிறது" என்பார், மாத்திரை அன்றோடு டிராயருக்குள் போய்விடும். நரம்பு வலியைக் குறைக்கத்தான் அது, வாய் உலரும், மலச்சிக்கல் வரும், காலையில் தூக்கக் கலக்கம் இருக்கும், மெல்ல மெல்லத்தான் டோஸ் ஏற்றுவோம் என்று முன்கூட்டியே சொல்கிற டாக்டர் பாதி வேலையை முடித்துவிட்டார். நீர்ப்பை வலிக்கான பென்டோசன் என்ற மருந்தை எழுதினால் பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும் என்றும், நீண்ட நாள் எடுத்தால் விழித்திரையைப் பாதிக்கலாம், அதனால் முதலிலேயே கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்றும் சொல்ல வேண்டும். கண் பற்றிப் பேச்சே எடுக்கவில்லையென்றால் நாமே கேட்கலாம். டி.எம்.எஸ்.ஓ. என்ற மருந்தை நீர்ப்பைக்குள் ஏற்றினால் இரண்டு, மூன்று நாள் வரை உடம்பில் பூண்டு வாடை அடிக்கும். சொல்லாமல் ஏற்றிவிட்டால் வீட்டுக்குப் போன பிறகுதான் பயம் பிடிக்கும்.

இடுப்புத்தளத் தசையைக் கையால் பரிசோதித்துப் பிசியோதெரபிக்கு அனுப்புகிறவர் கிடைத்தால் விடாதீர்கள். இறுகிப்போன தசையைத் தளர்த்துவதுதான் அங்கே வேலை. இடுப்புத்தளத் தசையை இறுக்கி விடும் கீகல் பயிற்சியைச் செய்யச் சொன்னால் எச்சரிக்கை, இறுகிய தசை இன்னும் இறுகும். கல்ச்சரில் ஒன்றுமில்லாமலே மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் கொடுப்பதும் தப்பு. "ஒரே ஊசியில சரி பண்ணிடலாம்" என்பவரைவிட, "முழுசா போகும்னு சொல்ல மாட்டேன், கட்டுக்குள்ள கொண்டு வரலாம்" என்பவரை நம்பலாம் என்பது என் கட்சி.

சாப்பாட்டில் வீட்டு வைத்தியம் அடிக்கடி எதிர்வேலை செய்யும். "சூடு" என்று சொல்லி எலுமிச்சை ஜூஸை ஊற்றிக் கொடுப்பார்கள். அந்தப் புளிப்புதான் பலருக்குக் கடுப்பை ஏற்றுகிறது. காபி, டீ, தக்காளி, புளி, மிளகாய், சோடா இவற்றை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, மூன்று நாளைக்கு ஒன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் எல்லாம் ஆகாமல் போகாது. ரசத்தை வாழ்நாள் முழுக்க விட வேண்டிய அவசியம் பலருக்கு இருப்பதில்லை.

டாக்டரை மாற்றுவதென்றால் பழைய இடத்தில் சண்டை வேண்டாம். ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. பிடித்த டாக்டர் கிடைத்துவிட்டால் இரண்டாம் விசிட்டில் இன்னொரு மூன்று நாள் கணக்கோடு போங்கள். 45 மி.லி. 90 ஆகியிருந்தால் மருந்து வேலை செய்கிறது. "எப்படி இருக்கீங்க" என்ற கேள்விக்கு "பரவாயில்லை" என்று மழுப்ப வேண்டியிருக்காது. கிளம்பும் முன், திடீரென்று வலி ஏறினால் என்ன செய்வதென்று பிரிஸ்கிரிப்ஷனின் பின்பக்கத்தில் எழுதி வாங்குங்கள்: முதலில் கல்ச்சர் கொடுப்பது, ரிப்போர்ட் வரும்வரை எந்த மாத்திரை, எந்த நம்பருக்குக் கூப்பிடுவது. காய்ச்சலோ ரத்தமோ, நீர் அடியோடு நின்றுவிடுவதோ இருந்தால் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.