ஊர்ப்பெயர் பொறித்த கற்கள்

கிறிஸ்துமஸ் தீவு ஒரு காலத்தில் சிங்கப்பூரைச் சேர்ந்தது என்று சொன்னால் எங்கள் வேலை சைட்டில் பலர் நம்புவதில்லை. ஜாவாவுக்குத் தெற்கே சுமார் 350 கிலோமீட்டர் தள்ளி, 135 சதுர கிலோமீட்டர் பரப்பில் நடுக்கடலில் தனியாகக் கிடக்கும் தீவு அது. 1888இல் பிரிட்டன் அதைத் தன்னுடையது என்று அறிவித்தது. 1900இல் சிங்கப்பூர் நிர்வாகத்தோடு சேர்த்துவிட்டார்கள். 1958 அக்டோபர் 1 அன்று ஆஸ்திரேலியாவின் கைக்குப் போனது. பாஸ்பேட் வருமானம் போனதற்கு ஈடாகச் சிங்கப்பூருக்கு 29 லட்சம் பவுண்டு கிடைத்தது. மனிதர்கள் அந்தத் தீவுக்குப் போனதே அந்தப் பாஸ்பேட் பாறைக்காகத்தான். வெட்டி எடுத்துப் பொடியாக்கினால் உரம்.

நான் பணியிடப் பாதுகாப்பு அதிகாரி. சைட்டில் யாரும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'சேஃப்டி சார்' என்பார்கள். அப்போது நான் இருந்த நிறுவனம் துறைமுகங்களில் பாரம் ஏற்றும் இயந்திரங்களைப் பழுதுபார்த்துக் கொடுக்கும். அந்த வேலையாகத்தான் தீவுக்குப் போனேன். சிங்கப்பூரிலிருந்து நேர்கோட்டில் போனால் சுமார் 1,300 கிலோமீட்டர். நாங்கள் போன வழியோ வேறு. தீவைத் தாண்டித் தெற்கே பெர்த் வரை பறந்து, அங்கிருந்து 2,600 கிலோமீட்டர் வடமேற்கே திரும்பி வந்தோம்.

ஃப்ளையிங் ஃபிஷ் கோவ் என்ற சிறு விரிகுடாவில்தான் கப்பலுக்கு பாஸ்பேட் ஏற்றும் நீண்ட கைகள் கடல்மேல் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அங்கே பெரிய துறைமுகம் எதுவும் கிடையாது. அலை எழும்பும் பருவத்தில் கப்பலைக் கட்ட முடியாது. ஆளையும் உயரத்தில் ஏற்ற முடியாது. வேலை தொடங்க அனுமதிக்கும் பெர்மிட்டில் நான் கையெழுத்துப் போடாத நாட்களில் குழுவில் எல்லோருக்கும் ஓய்வு. அந்த நாட்களில்தான் கல்லறைகளைப் பார்க்கப் போனேன். கூட வந்தவர் எங்கள் குழுவின் மூத்த வெல்டர், மலேசியாவின் ஈப்போவைச் சேர்ந்த சீனர். எல்லோருக்கும் அவர் 'அங்கிள்'. ஈப்போ ஈயச் சுரங்கங்களால் வளர்ந்த ஊர். அவருடைய தாத்தா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். என்னைவிட அவருக்குத்தான் அந்த இடத்தில் நிதானமாக நிற்கத் தெரிந்தது.

தீவில் எல்லோரும் ஒரே இடத்தில் புதைக்கப்படவில்லை. ஐரோப்பியர், சீனர், மலாய்க்காரர் என்று தனித்தனி. ஆரம்பத்தில் வந்தவர்கள் சீனத் தொழிலாளர்கள், மேலே சில ஐரோப்பிய மேலாளர்கள், காவலுக்குச் சீக்கியப் போலீஸ்காரர்கள். உயிரோடு இருந்தபோது பிரித்து வைத்த மாதிரியே கல்லறையிலும் பிரித்திருக்கிறார்கள்.

ஒரு கல்லின் முன் அங்கிள் குனிந்து, பாசியைக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டு வாசித்தார். ஓரமாக ஓர் ஊரின் பெயர். சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் ஏதோ ஒரு மாவட்டம், அதற்குள் ஒரு கிராமம். நடுவில் ஆளின் பெயர். இன்னொரு ஓரத்தில் ஆண்டு. "எங்களில் இப்படித்தான் எழுதுவார்கள்" என்றார். "எந்த ஊர்க்காரன் என்பது கல்லில் இல்லாவிட்டால், சொந்தக்காரன் தேடி வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பான்?" எதனால் செத்தான் என்று அந்தக் கல்லில் இல்லை. நான் தினமும் நிரப்பும் படிவம் இதற்கு நேர்மாறானது. எதனால் என்பதற்கு அதில் அரைப் பக்கம் இடம் உண்டு. எந்த ஊர் என்பதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

அந்தத் தீவின் மரணங்களில் என்னை அதிகம் உலுக்கியது பெரிபெரி. சுரங்கம் தொடங்கிய முதல் சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான சீனத் தொழிலாளர்கள் இந்த நோயில் இறந்தார்கள். கால் மரத்துப்போகும், வீங்கும், நடை தள்ளாடும். கடைசியில் இதயம் நின்றுவிடும். இருபது, முப்பது வயது ஆட்கள். நாங்கள் பார்த்த கற்களில் அந்த ஆரம்ப ஆண்டுகளைச் சேர்ந்தவை மிகக் குறைவு. கல் வைக்க யாருக்கு நேரமிருந்திருக்கும்?

காரணம் அரிசி. உமியோடு தவிடும் போகும்வரை தீட்டிய பச்சரிசியைத்தான் அவர்களுக்கு மூட்டை மூட்டையாக இறக்கினார்கள். அதில் தயமின் என்னும் பி1 சத்து இல்லை. தீட்டிய வெள்ளை அரிசி கெடாமல் நாள்பட இருக்கும், கப்பலில் ஏற்ற வசதி. காய்கறியோ இறைச்சியோ போதுமான அளவு கிடைக்காத தீவில், சோறே முக்கால்வாசி உணவாக இருந்தவனுக்கு அந்த வசதி எமனாகிவிட்டது.

இதில் தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பகுதி இருக்கிறது. அதே காலத்தில் மலாயாவிலும் பெரிபெரி சுரங்கத் தொழிலாளர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றுகொண்டிருந்தது. லெனார்ட் பிராடன் என்ற மருத்துவர் கவனித்தார்: சீனர்களுக்கு வருகிறது, பக்கத்திலேயே வேலை பார்க்கும் தமிழர்களுக்குப் பெரும்பாலும் வருவதில்லை. இரண்டு பேரும் சாப்பிடுவது அரிசிதான். ஆனால் தமிழன் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. நெல்லை உமியோடு வேக வைத்துக் காயப்போடும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடும். அப்புறம் தீட்டினாலும் முழுக்கப் போகாது. இதெல்லாம் தெரிந்து நம் பாட்டிகள் நெல்லைப் புழுக்கவில்லை. வழக்கமாகச் செய்தது, ஆயிரக்கணக்கான பேரை அந்நிய மண்ணில் காப்பாற்றியிருக்கிறது.

1905இல் கோலாலம்பூர் மனநல விடுதியில் வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் இதைச் சோதித்துப் பார்த்தார். பாதிப் பேருக்குத் தீட்டிய பச்சரிசி, மீதிப் பேருக்குப் புழுங்கல். இடத்தின் கோளாறாக இருக்குமோ என்று பாதியில் கட்டடத்தையும் மாற்றிப் பார்த்தார். பச்சரிசி சாப்பிட்டவர்களில் 18 பேர் இறந்தார்கள். விடை கிடைத்தது, சரி. ஆனால் 'எனக்கு வேண்டாம்' என்று சொல்ல முடியாத இடத்தில் இருந்த அந்த 18 பேரை நினைக்காமல் இந்தச் சோதனையை என்னால் பாராட்ட முடிவதில்லை. பிறகு ஃபிரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர் நெகிரி செம்பிலானில் ஜாவானியத் தொழிலாளர்களிடம் பார்த்து, தீட்டும்போது போகும் ஏதோ ஒன்றில்தான் விஷயம் இருக்கிறது என்று உறுதிசெய்தார்கள். அந்த ஏதோ ஒன்றை 1926இல் தனியாகப் பிரித்தெடுத்தது ஜாவாவில். கிறிஸ்துமஸ் தீவுக்கு மிக அருகிலுள்ள பெரிய நிலம் அதுதான்.

பெரிபெரி என்று எழுதிவிட்டால் மருத்துவருக்கு வேலை முடிந்தது. எந்த அரிசி, யார் வாங்கினார்கள், ஏன் அதை வாங்கினார்கள் என்பது வேறொரு கணக்குப் புத்தகத்தில் இருக்கும். இரண்டு புத்தகத்தையும் ஒருவர் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும்வரை சாவு நிற்காது. என் தொழிலின் சாரமே இதுதான் என்று நினைக்கிறேன். 2004 ஏப்ரல் 20 அன்று சிங்கப்பூரில், ரயில் சுரங்கப்பாதைக்குத் தோண்டிய பள்ளம் சரிந்து நிக்கல் நெடுஞ்சாலை இடிந்து 4 பேர் இறந்ததை எங்கள் பயிற்சி வகுப்புகளில் இப்போதும் சொல்வார்கள். மண் சரிந்து இறந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் விசாரணையில் வெளிவந்தது என்ன? பள்ளத்தின் 9ஆம் நிலை முட்டுத்தாங்கிகளின் இணைப்பு தாங்கும் பலத்துக்கு வடிவமைக்கப்படவில்லை. தகடுகளுக்குப் பதில் சி-சேனல் என்னும் 'C' வடிவ இரும்புச் சட்டங்களை வைத்தார்கள். சுவர் அளவுக்கு மீறி வளைவதை அளவீடுகள் முன்பே காட்டிக்கொண்டிருந்தன. இரண்டு ஆண்டு கழித்து, 2006இல் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. அன்று இறந்தவர்களில் ஒரு மேற்பார்வையாளரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை.

உடலே கிடைக்காமல் போவதும், உடல் கிடைத்தும் பெயர் கிடைக்காமல் போவதும் உண்டு. தீவின் ஐரோப்பியர் கல்லறையில் அப்படி ஒருவர் இருந்தார். 1941 நவம்பர் 19இல் எச்எம்ஏஎஸ் சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் மூழ்கியது. அதிலிருந்த 645 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. 1942 பிப்ரவரியில் ஒரு மிதவை தீவின் அருகே ஒதுங்கியது. அதில் ஒரு மாலுமியின் உடல். தீவுக்காரர்கள் மரியாதையோடு புதைத்தார்கள். அடுத்த மாதமே ஜப்பானியர் வந்துவிட்டார்கள். நாளடைவில் புதைத்த இடமே மறந்துபோனது. 2001இல் தேடினார்கள், அகப்படவில்லை. 2006இல் மறுபடி தேடிக் கண்டெடுத்தார்கள். 2008இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜெரால்ட்டனில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். 2021இல்தான் மரபணுச் சோதனையில் பெயர் தெரிந்தது: தாமஸ் வெல்ஸ்பி கிளார்க், பிரிஸ்பேன்காரர். புதைத்து 79 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு மனிதனுக்கு அவன் பெயரைத் திருப்பிக் கொடுக்க இவ்வளவு செய்தார்கள் என்பதை வாசித்தபோது எனக்கு மனம் நிறைந்தது. இப்படித்தான் செய்ய வேண்டும். அந்தக் கூலிகளுக்கும் ஒருவர் உட்கார்ந்து இதைச் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அந்தத் தீவின் மரணங்களை ஒரு மனிதன் கல்லறைகளுக்கு நடந்தே போய்ப் பார்த்துவிட முடிகிறது. இந்த ஆண்டுகளில் இளவயது ஆட்கள் அதிகம், இங்கே கைக்குழந்தைகள், இங்கே எல்லோரும் கிழவர்கள் என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். எங்கள் துறையில் அது முடியாது. சிங்கப்பூரில் பணியிட மரணங்கள் 2022இல் 46, 2023இல் 36, 2024இல் 43. இவர்களில் வெளிநாட்டுத் தொழிலாளியாக இருந்தவரை இங்கே புதைப்பதில்லை. பெட்டி விமானத்தில் திருச்சிக்கோ சென்னைக்கோ டாக்காவுக்கோ போகும். அங்கிருந்து ஆம்புலன்ஸில் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம், சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமம். சிலரை எரிப்பார்கள், சிலரைப் புதைப்பார்கள். அந்தந்த ஊருக்கு அது ஒரே ஒரு சாவு. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே இடத்தில் பார்க்க எந்த ஊராருக்கும் வாய்ப்பில்லை. எங்களுக்கு இருப்பது கோப்புகள் மட்டும். அதனால் கோப்பில் நாங்கள் எழுதுவது முழுமையாக இருக்க வேண்டும்.

தீவிலிருந்து திரும்பிய பிறகு வேறொரு சைட்டில் ஒரு தம்பி மத்தியானம் மயங்கி விழுந்தான். நல்லவேளை, தரையில்தான் நின்றிருந்தான். சாரத்தில் ஏற அரைமணி நேரம் இருந்தது. 'வெப்பத்தால் மயக்கம்' என்று எழுதி மூடியிருக்கலாம், வெயிலும் அப்படித்தான் இருந்தது. முதலுதவி அறையில் உட்கார்ந்து கேட்டேன். "சாப்பிடல சார், சோறு புளிச்சிருச்சு" என்றான். டார்மிட்டரியில், அதாவது தொழிலாளர் விடுதியில், விடியுமுன் பொட்டலம் வந்துவிடும். காலைச் சாப்பாடும் மத்தியானச் சாப்பாடும் ஒன்றாக. லாரியில் வந்து, கண்டெய்னர் ஓரத்தில் தொங்கி, பன்னிரண்டு மணிக்குப் பிரிக்கும்போது சாம்பாரில் நுரை. அவன் மட்டுமல்ல, அந்தக் குழுவில் பாதிப் பேர் வாரத்தில் பல நாள் அதைக் கொட்டிவிட்டு பிஸ்கட்டும் காப்பியுமாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அறிக்கையில் கேட்டரிங் வண்டி வரும் நேரத்தை எழுதினேன், பொட்டலத்தைப் படம் எடுத்துச் சேர்த்தேன். சாப்பாடு பாதுகாப்புத் துறையின் விஷயமா என்று கூட்டத்தில் கேட்டார்கள். நான் பெரிபெரியைச் சொன்னேன். ஒரு வழியாக மத்தியானச் சாப்பாட்டைப் பதினொன்றரை மணிக்குத் தனியாகக் கொண்டுவர ஏற்பாடு ஆனது. ஆளுக்கு மாதம் சில வெள்ளி (சிங்கப்பூர் டாலர்)தான் கூடியது.

இன்னொன்றும் மாறியிருக்கிறது. எங்காவது மரணம் நேர்ந்தால் துறைக்கு எச்சரிக்கைக் குறிப்பு வரும். ஒரு தொழிலாளி, இன்ன உயரத்திலிருந்து, இன்ன காரணத்தால் என்று இருக்கும். பெயர் இருக்காது. குடும்பத்தை நினைத்தால் அது நியாயம்தான். அதை அடுத்த நாள் காலை, வேலை தொடங்குமுன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் வாசிப்பேன். முன்பெல்லாம் வாசித்துவிட்டு, உடலில் கட்டும் ஹார்னஸ் பட்டையின் கொக்கியை எங்கே மாட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு அனுப்பிவிடுவேன். இப்போது வாசித்த பிறகு, "யாருக்காவது அவரைத் தெரியுமா?" என்று கேட்கிறேன். பெரும்பாலும் ஒருவருக்குத் தெரிந்திருக்கும். செய்தி எங்களுக்கு முன்பே வாட்ஸ்அப்பில் ஊருக்குப் போய் அங்கிருந்து திரும்பியிருக்கும். "எங்க ஊருக்குப் பக்கத்து ஊரு சார், போன தையிலதான் கல்யாணம் ஆச்சு" என்று ஒருவர் ஆரம்பிப்பார். பேச விடுவேன். அதற்கப்புறம் கேள்விகள் வரும்: அந்தச் சாரத்தில் பலகை கட்டியிருந்ததா, நம் சாரத்தில் மூன்றாவது தட்டில் ஒரு பலகை ஆடுகிறதே, பார்த்தீர்களா? ஐந்து நிமிடம், சில நாள் பத்து நிமிடம் கூடுதலாகும். சூப்பர்வைசர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.