பத்து மீட்டர் பிஸ்டல்: பணம் எங்கே போக வேண்டும், உழைப்பு எங்கே போக வேண்டும்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கிற்குப் பிறகு, கோவையில் நான் சுடப் போகும் ரேஞ்சுக்குத் திருப்பூரிலிருந்தும் கோபியிலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் பெற்றோர் கண்கூடாகப் பெருகியிருக்கிறார்கள். மனு பாக்கர் பத்து மீட்டர் ஏர் பிஸ்டலில் தனியாக ஒரு வெண்கலமும், சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து கலப்பு அணிப் பிரிவில் இன்னொரு வெண்கலமும் வென்றதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் அவர்கள். பிள்ளை பிஸ்டலைத் தூக்கிப் பார்ப்பதற்கு முன்பே தகப்பனார் என்னை ஓரமாக அழைத்துக் கேட்பார்: "ஏனுங்க, எந்த பிஸ்டல் வாங்குனா நல்லதுங்க? ஸ்டெயருங்களா, மோரினிங்களா?"

இரண்டுமே நல்லவைதான். வால்தர், பார்டினி, ஃபைன்வெர்க்பாவ் ஆகியவையும் குறைந்தவையல்ல. போட்டிக்கென்று செய்யப்பட்ட இந்தப் பிஸ்டல்களில் எதையேனும் ஆடாமல் பிணைத்துவைத்துப் பொருத்தமான பெல்லட்டால் (ஈயத்தாலான சிறுகுண்டால்) சுட்டால், பத்து மீட்டரில் எல்லாக் குண்டும் ஏறக்குறைய ஒரே துளை வழியாகப் போய்விடும். பிஸ்டலின் துல்லியம் சுடுகிறவரின் துல்லியத்தைவிட வெகுதூரம் முன்னே நிற்கிறது என்பதால், இலட்சங்களைக் கொட்டி ஒரு பிராண்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதனால் புள்ளி ஏறுவதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். புள்ளி எங்கே ஒழுகுகிறது என்பதை முதலில் கணக்காகப் பார்த்துவிட்டால், பணத்தையும் உழைப்பையும் எங்கே போடுவது என்பது தானாகவே விளங்கும்.

டார்கெட்டில் பத்துப் புள்ளி தரும் பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், பெல்லட்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். துளையின் ஓரம் வளையக்கோட்டைத் தொட்டாலே அந்த வளையத்தின் புள்ளி கிடைக்கும் என்பதால், பெல்லட்டின் மையம் நடுவிலிருந்து 8 மில்லிமீட்டர் விலகினாலும் பத்துதான். அதற்கு அப்பால் ஒவ்வொரு 8 மில்லிமீட்டருக்கும் ஒரு புள்ளி குறையும். இப்போது கை ஆடுவதை எடுத்துக்கொள்வோம். பிஸ்டலின் முனையில் நிற்கும் குறிமுனையான ஃப்ரன்ட் சைட்டும், பின்னால் உள்ள பள்ளமான ரியர் சைட்டும் ஒன்றோடொன்று பொருந்தியபடியே கை மொத்தமாக 8 மில்லிமீட்டர் மேலும் கீழும் போய்வந்தால், குண்டும் அதே 8 மில்லிமீட்டர்தான் விலகும். பத்து கைவிட்டுப் போகாது. ஆனால் மணிக்கட்டு சற்றே சாய்ந்து ஃப்ரன்ட் சைட் மட்டும் தன் இடத்திலிருந்து நகர்ந்தால் நிலைமையே வேறு. இரண்டு சைட்டுகளுக்கும் நடுவே சுமார் 33 சென்டிமீட்டர் தூரம் இருப்பதாகக் கொண்டால், அங்கே நேரும் பிழை பத்து மீட்டர் கடப்பதற்குள் முப்பது மடங்காகப் பெருகும். கால் மில்லிமீட்டர் பிழை பத்தின் ஓரத்திலே கொண்டுபோய் நிறுத்தும், அரை மில்லிமீட்டர் ஒன்பதாகும், ஒரு முழு மில்லிமீட்டர் ஏழில் போய் விழும்.

ஆகவே, புதிதாக வருகிறவர்கள் அஞ்சி நடுங்குகிற கையாட்டம் உண்மையில் பெரிய எதிரி அல்ல. ஆட்டம் எல்லோருக்கும் உண்டு, ஒலிம்பிக் வீரர்களுக்கும் உண்டு. சைட்டுகளுக்கு இடையிலான அந்தக் கால் மில்லிமீட்டரைக் கெடுப்பவை மூன்று: கைக்குப் பொருந்தாத கிரிப் (கைப்பிடி), தவறான இடத்தில் நிற்கும் பார்வை, பொறுமையிழந்த விரல். இவற்றுள் கிரிப்பைப் பற்றித்தான் நம் பக்கத்தில் மிகக் குறைவாகப் பேசுகிறார்கள் என்பதால் அதை விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

பிஸ்டலோடு வரும் மரக் கிரிப் சிறியது, நடுத்தரம், பெரியது என்ற அளவுகளில்தான் வரும். யாருடைய கைக்கும் அளவெடுத்துச் செய்யப்பட்டது அல்ல. அது சரியாகப் பொருந்துகிறதா என்பதற்கு எளிய சோதனை உண்டு. கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டலைத் தூக்கி, சுடும் நிலைக்குக் கொண்டுவந்து, பின்பு கண்ணைத் திறந்து பாருங்கள். ஃப்ரன்ட் சைட், ரியர் சைட்டின் பள்ளத்தின் நடுவே, இருபுறமும் சமமான வெளிச்சக் கீற்றுடனும் மேல்விளிம்பு சமமாகவும் நின்றால் கிரிப் உங்களுடையது. ஒவ்வொரு முறையும் அது ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றால், நீங்கள் மணிக்கட்டை வளைத்து அதை நேராக்குகிறீர்கள் என்று பொருள். அப்படி வளைத்த மணிக்கட்டு நாற்பதாவது ஷாட்டில் தன் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ரியர் சைட்டைத் திருகி இதைச் சரிசெய்ய முயல்வது வீண்வேலை, ஏனெனில் கோளாறு சைட்டில் இல்லை, மரத்தில் இருக்கிறது.

மரத்தைத் திருத்துவதற்கு வெளிநாட்டு நிபுணர் எவரும் தேவையில்லை. உள்ளங்கையில் சாக்பொடியைத் தடவிக்கொண்டு கிரிப்பைப் பிடித்துப் பார்த்தால், பொடி அழுத்தமாக ஒட்டிய இடமும் ஒட்டாத இடமும் தனித்தனியே தெரியும். அழுத்தும் இடத்தை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவி, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். இடைவெளி விழும் இடத்தில், குறிப்பாகக் கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சதைப்பகுதிக்கும் உள்ளங்கைக் குழிக்கும், எம்-சீல் போன்ற பிசினைப் பிசைந்து அப்பி, கை வைத்து அச்சுப் பதித்து, காய்ந்தபின் தேய்க்க வேண்டும். ஒரே நாளில் முடிக்கிற வேலை அல்ல இது. கொஞ்சம் திருத்தி, சில நாட்கள் சுட்டுப் பார்த்து, மறுபடியும் திருத்த வேண்டும். பேட்டர்ன் (வார்ப்புக்கான மர மாதிரி) செய்யும் தச்சர்கள் கோவையின் ஃபவுண்டரிப் பட்டறைகளில் உண்டு. மில்லிமீட்டரைக் கண்ணாலேயே அளந்து பழகியவர்கள் அவர்கள் என்பதால், கையைக் காட்டி விளக்கினால் நம்மைவிட நேர்த்தியாகவே முடித்துக் கொடுப்பார்கள். எனினும் ஒரு எச்சரிக்கை. போட்டிக்கு முன் நடக்கும் உபகரணச் சோதனையில், பிஸ்டல் 420 × 200 × 50 மில்லிமீட்டர் அளவுள்ள பெட்டிக்குள் கிரிப்போடு சேர்ந்து அடங்க வேண்டும். அந்த ஐம்பது மில்லிமீட்டர் அகலத்தை மறந்து பிசினை அப்பினால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கிரிப் கையைச் சுற்றி வளைக்கக் கூடாது; மணிக்கட்டிற்கு எந்தவிதத் தாங்கலும் தரக் கூடாது.

பிடிக்கும் அழுத்தத்தைச் சொல்லில் விளக்குவது கடினம். வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் நிறைந்த செம்பை நீட்டும்போது, அது நழுவாமலும் நம் கை விறைக்காமலும் இருக்குமே, அந்த அளவுதான். நடுவிரலும் மோதிரவிரலும் கிரிப்பை நேராகப் பின்னோக்கி உள்ளங்கைக்குள் இழுக்க வேண்டும். கட்டைவிரல் சும்மா படுத்திருக்க வேண்டும். சுண்டுவிரல் கூடவே இருந்தால் போதும். மணிக்கட்டு மட்டும் விறைப்பாகப் பூட்டியிருக்க வேண்டும். இந்த அழுத்தம் எவ்வளவு என்பதைவிட, முதல் ஷாட்டிலிருந்து அறுபதாவது ஷாட்வரை அது மாறாதிருப்பதே முக்கியம்.

அடுத்தது பார்வை. கண்ணால் ரியர் சைட், ஃப்ரன்ட் சைட், டார்கெட் ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க முடியாது. ஃப்ரன்ட் சைட்டின் மேல்விளிம்பு கத்தியின் ஓரம்போல் தெளிவாகவும், டார்கெட்டின் கறுப்புவட்டம் மங்கலாகவும் தெரிய வேண்டும். இதைப் படிப்பது சுலபம். கடைப்பிடிக்கும்போதுதான் கண் நம்மை ஏமாற்றிவிட்டுக் கறுப்புவட்டத்தை நோக்கி ஓடும். அதனால்தான் பெரும்பாலானோர் வட்டத்தின் நடுவிலோ, அதன் அடிவிளிம்பை ஒட்டியோ குறிவைக்காமல், அதற்கும் கீழே வெள்ளைப் பகுதியில், ஒரு சிறு இடைவெளி விட்டுக் குறிவைக்கிறார்கள். விளிம்பு இல்லாத இடத்தில் நிற்கும் ஃப்ரன்ட் சைட்டை விட்டுக் கண் எளிதில் நழுவாது. குண்டு நடுவில் விழும்படி ரியர் சைட்டை உயர்த்திக்கொண்டால் போதும்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்குத் தனியாக ஒன்று. பிரிஸ்கிரிப்ஷன்படி போட்ட தூரப்பார்வைக் கண்ணாடியில் டார்கெட் பளிச்சென்று தெரியும், ஃப்ரன்ட் சைட்டோ பஞ்சுபோல் உப்பித் தெரியும். ஃப்ரன்ட் சைட் கண்ணிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரத்தில் இருப்பதைக் கண் மருத்துவரிடம் சொல்லி, தூரப்பார்வை எண்ணோடு +0.50 அல்லது +0.75 கூட்டிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். புதிய பிஸ்டல் வாங்குவதைவிட இந்த ஒரு லென்ஸ் அதிகப் புள்ளிகளைத் தந்ததை எங்கள் ரேஞ்சிலேயே கண்டிருக்கிறேன். குறிவைக்காத கண்ணை இறுக்கி மூடினால் குறிவைக்கும் கண்ணும் சேர்ந்து சுருங்கும் என்பதால், 30 மில்லிமீட்டருக்கு மிகாத அகலமுள்ள வெளிர்நிற மறைப்பை அந்தக் கண்ணுக்கு முன்னால் மாட்டிக்கொண்டு இரண்டு கண்களையும் திறந்துவைத்திருப்பது நல்லது. பாரிஸில் துருக்கியின் யூசுஃப் டிகேச் இரண்டு கண்களையும் திறந்தபடி, ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு சுட்ட படம் உலகம் முழுக்கச் சுற்றியது. அதைப் பார்த்தவர்கள் அலட்சியம் என்று வியந்தார்கள். சும்மா இருக்கும் கையைப் பாக்கெட்டிலோ பெல்ட்டிலோ மாட்டி நிறுத்துவது பிஸ்டல் சுடுகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். தொங்கவிட்டால் தோள் ஆடும்.

ட்ரிகருக்கு வருவோம். ஏர் பிஸ்டலில் ட்ரிகரின் எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது. பிஸ்டலைச் செங்குத்தாக நிறுத்தி, ட்ரிகரில் அந்த எடைக்கல்லைத் தொங்கவிட்டுத் தூக்கிப் பார்ப்பார்கள். சரியாக ஐந்நூறில் வைத்தால் சோதனையன்று ஒரு மயிரிழையில் தோற்கக்கூடும் என்பதால், பத்து இருபது கிராம் கூட்டி வைப்பதே புத்திசாலித்தனம். இரண்டு கட்ட ட்ரிகரில், அந்த எடையின் பெரும்பகுதியை முதல் கட்டத்திலேயே சுமத்திவிட்டு இரண்டாவது கட்டத்திற்குச் சிறுபகுதியை மட்டும் விட்டுவைத்தால், கை இறங்கி வரும்போதே முதல் கட்டத்தை இழுத்து முடித்துவிட்டு, குறிவைக்கும் இடத்தில் மிச்சத்தை மட்டும் அழுத்தலாம். முதல் ரேகைக்கும் விரல்நுனிக்கும் இடைப்பட்ட சதையின் நடுப்பகுதி ட்ரிகரில் பட வேண்டும். விரலின் பக்கவாட்டுப் பகுதி மரத்தில் உரசக் கூடாது, உரசினால் மரத்தையும் சேர்த்துத் தள்ளும்.

"இப்போது பத்து!" என்று நினைத்து வெடுக்கென்று இழுப்பதுதான் எல்லோரையும் பிடித்திருக்கும் நோய். குறி நடுவில் வந்த கணத்தைப் பிடித்துவிட வேண்டும் என்ற ஆசையில் இழுக்கும்போது, விரலோடு சேர்ந்து முழுக் கையும் இறுகி, ஃப்ரன்ட் சைட் கீழே முழுகிவிடுகிறது. ஆட்டத்தை ஆட்டமாகவே ஏற்றுக்கொண்டு, சைட்டுகள் பொருந்தியிருக்கும்வரை அழுத்தத்தைத் தொடர்ந்து கூட்டிக்கொண்டே போவதுதான் வழி. குறியிடத்தில் நின்று எட்டு விநாடிகளுக்குள் ஷாட் போகவில்லை என்றால் கையை இறக்கிவிட வேண்டும். 60 ஷாட்டுகளுக்கு 75 நிமிடங்கள் கொடுக்கிறார்கள். இறக்கி மறுபடி தூக்குவதற்கு நேரம் தாராளமாக இருக்கிறது. ஷாட் போனபின்பும் ஓரிரு விநாடிகள் ஃப்ரன்ட் சைட்டைப் பார்த்தபடியே நிற்காதவர், தன் ஷாட் ஏன் எட்டானது என்பதை ஒருநாளும் அறியப் போவதில்லை.

இவை எல்லாவற்றையும் பெல்லட் இல்லாமலே வீட்டில் பழகலாம். ட்ரை ஃபயர் (குண்டில்லாமல் ட்ரிகரை மட்டும் அழுத்திப் பழகும்) வசதியுள்ள பிஸ்டலை, உள்ளே பெல்லட் இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, வெறும் வெள்ளைச் சுவரை நோக்கிப் பிடித்து ட்ரிகரை அழுத்துங்கள். டார்கெட் இல்லாததால் கண்ணுக்கு ஃப்ரன்ட் சைட்டைத் தவிர வேறு வேலை இருக்காது. ட்ரிகர் விடுபடும் கணத்தில் அது குதிக்கிறதா என்பது அப்பட்டமாகத் தெரிந்துவிடும். ஈரோட்டு வெயிலில் மாலை ஆறு மணிக்கு ரேஞ்சுக்குப் போய் வியர்த்து நிற்பதைவிட, விடியற்காலையில் அரைமணி நேரம் இதைச் செய்வது பலன் தரும் என்பது என் அபிப்பிராயம். பிள்ளைகள் இதை அலுப்பாகத்தான் நினைப்பார்கள், பெற்றோர்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

நிற்கும் முறை பற்றிச் சுருக்கமாக: கண்ணை மூடித் தூக்கித் திறக்கும்போது கை டார்கெட்டுக்கு இடமோ வலமோ நின்றால், கையைத் திருப்பாமல் பின்காலை நகர்த்தி உடம்பையே திருப்புங்கள். ஷூ கணுக்காலுக்குக் கீழே முடிய வேண்டும். அடிப்பகுதி தட்டையாக இருந்தால் போதும். பெல்லட்டில் தட்டைத் தலையுள்ளதையே வாங்குங்கள், துளை வட்டமாக விழும். தலையளவு 4.49, 4.50 என்று நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரில் மாறும்; உங்கள் பேரலுக்கு எது சேர்கிறது என்பதைப் பிஸ்டலைப் பிணைத்துவைத்துச் சுட்டுப் பார்த்துத்தான் அறிய முடியும். பெல்லட் ஈயம், கையைக் கழுவாமல் பிள்ளைகளுக்கு வடையைக் கொடுத்துவிடாதீர்கள்.

குண்டைத் தள்ளும் அழுத்தக் காற்றை அடைத்துவைத்திருக்கும் சிலிண்டர் விஷயத்தில் நம் ஊர் வெயிலுக்கென்று ஒரு குறிப்பு வேண்டியிருக்கிறது. சிலிண்டரில் 200 பார் அழுத்தம்வரை நிரப்புவார்கள். காலைக் குளிர்ச்சியில் 25 டிகிரியில் முழுதாக நிரப்பிய சிலிண்டர், பெருந்துறை ரோட்டோரம் பூட்டி நிறுத்திய காருக்குள் 55 டிகிரிக்குச் சூடேறினால், உள்ளே அழுத்தம் சுமார் 220 பாருக்கு ஏறிவிடும். சித்திரை வைகாசியில் சற்றுக் குறைவாகவே நிரப்பி, வாட்டர்பாட்டிலோடு சேர்த்துத் துணிப்பையில் சுற்றிக் கையோடு எடுத்துச் செல்வது உத்தமம். பத்தாண்டு ஆயுள் முடிந்த சிலிண்டரை, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், ஓரம் கட்டிவிடுங்கள். செகண்ட் ஹாண்டில் பிஸ்டல் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது சிலிண்டரில் பொறித்துள்ள தேதியைத்தான். காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்கு சிலிக்கோன் கிரீஸ் மட்டுமே. தையல் மெஷின் எண்ணெயை உயர் அழுத்தக் காற்றுக்கு அருகில் கொண்டுபோகவே கூடாது.

பிஸ்டலும் ஓர் இயந்திரம்தான் என்பதால் நடுவழியில் நின்றுபோகும். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் பிஸ்டல் தகுதிச்சுற்றின் நடுவே பழுதாகி, அதைச் சரிசெய்வதில் நேரம் போய், இறுதிச்சுற்றுக்குள் நுழைய முடியாமல் போனது. மாவட்டப் போட்டிக்குப் போகிறவரும் கன் பாக்ஸில் ஆலன் கீ செட், மாற்று ஓ-ரிங், எலெக்ட்ரானிக் ட்ரிகர் என்றால் மாற்று பேட்டரி, கூடவே நிரப்பிய இன்னொரு சிலிண்டர் ஆகியவற்றை வைத்திருப்பது அவசியம். கிரிப்பை இறுக்கும் ஸ்க்ரூவைச் சைட்டர் (போட்டிக்கு முன் சுடும் பயிற்சி ஷாட்டுகள்) தொடங்குவதற்கு முன்பே ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடுங்கள், பிஸ்டலில் அடிக்கடி தளர்வது அதுதான்.