கொலோனில் விளங்கிய ஸலவாத்

காயல்பட்டினத்தில் குர்ஆன் ஓதக் கற்றுத்தரும் எங்கள் தெரு லெப்பையிடம் ஏழு வயதில் ஓதிப் பழகிய நாள் முதல், தொழுகையில் நபியவர்களுக்காக இறைவனிடம் வேண்டும் இப்ராஹீமிய்யா ஸலவாத்தை ஒரே மூச்சில் ஓதி முடிப்பவனாகவே வளர்ந்தேன். தொழுகையின் கடைசி இருப்பில் அத்தஹிய்யாத்து என்ற வாசகம் முடிந்து ‘அல்லாஹும்ம ஸல்லி’ என்று தொடங்கிவிட்டால், ‘இன்னக்க ஹமீதும் மஜீத்’ வரை நாக்கு தானாக ஓடும். லெப்பைக்கு உச்சரிப்புதான் முக்கியம்: ‘ஸாத்’, ‘ஸீன்’ என்ற இரு அரபு எழுத்துகளும் கலந்துவிடக் கூடாது, ‘ஹமீத்’தின் முதல் எழுத்து தொண்டையின் நடுவிலிருந்து எழ வேண்டும். பொருளை அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் அப்படிப் பிழையறப் பதித்துக் கொடுத்திருந்ததால்தான், பல ஆண்டுகள் கழித்துப் பொருள் வந்தபோது அதற்கு உள்ளே இடம் இருந்தது.

2022 செப்டம்பரில் வேலைக்காக மனைவியோடும் கைக்குழந்தையோடும் ஜெர்மனியின் கொலோன் நகருக்கு வந்தேன். முதல் ஓராண்டில் மூன்று முறை வீடு மாறினோம். ஒவ்வொரு முறையும் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் புதிதாகப் பதிய வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் வங்கிக் கணக்கு முதல் குழந்தையின் மருத்துவக் காப்பீடு வரை எதுவும் நகராது. பிரித்து அடுக்கும் முன்பே மறுபடியும் கட்ட வேண்டியிருந்ததால், சில பெட்டிகளை நாங்கள் திறக்கவே இல்லை.

அந்த நாள்களில் எனக்கு ஊர் போலத் தோன்றிய ஒரே இடம், வீட்டுக்கு அருகில் பழைய கட்டடம் ஒன்றின் பின்முற்றத்தில் இருந்த துருக்கியர்களின் சிறிய பள்ளிவாசல்தான். 1961 அக்டோபரில் ஜெர்மனியும் துருக்கியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பேரில் தொழிலாளர்களாக வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே தொழுவார்கள். அவர்கள் ஹனஃபி, நான் ஷாஃபி; இரண்டும் இஸ்லாமியச் சட்டப் பிரிவுகள் (மத்ஹபுகள்). கை கட்டும் இடம்கூட வேறு. ஆனால் கட்டாயமான பர்ளுத் தொழுகை முடிந்ததும், பாங்கு சொல்லும் முஅத்தின் ‘அலா ரசூலினா ஸலவாத்’ (நம் தூதர்மீது ஸலவாத்) என்று குரல் கொடுப்பார். ரமளானில் தராவீஹ் என்ற இரவுத் தொழுகையின் ஒவ்வொரு நான்கு ரக்அத்துக்கும் (தொழுகைச் சுற்றுக்கும்) இடையே சபை முழுவதும் ‘அல்லாஹும்ம ஸல்லி அலா ஸய்யிதினா முஹம்மதின்’ என்று இழுத்துப் பாடும். பதினேழாம் நூற்றாண்டு இஸ்தான்புல் இசைமேதை இத்ரீ அமைத்ததாக அவர்கள் போற்றும் மெட்டு அது. முதல் முறை கேட்டபோது நபியைப் புகழ்ந்து பாடும் ஊரின் மவ்லிது மஜ்லிஸ் நினைவுக்கு வந்து கண் கலங்கிவிட்டது. மெட்டு வேறாக இருந்தாலும் சொல் ஒன்றாகவே இருந்தது.

அந்தப் பள்ளியில் என் அருகில் தொழும் பெரியவர் ஒருவரை எல்லோரையும் போல நானும் ‘அம்ஜா’ என்றே அழைப்பேன். துருக்கி மொழியில் அது தந்தையின் உடன்பிறந்தவரைக் குறிக்கும் சொல். 1972இல் இருபது வயதில் வந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொழிற்சாலையில் உழைத்தவர். 2023 ரமளானில் ஒரு நாள் எங்களை நோன்பு திறக்க வீட்டுக்கு அழைத்தார். எள்ளும் கருஞ்சீரகமும் தூவிய பிதே ரொட்டி அடுப்புச் சூட்டோடு மேசைக்கு வந்தது. அம்ஜா அதைக் கையால் பிட்டு முதல் துண்டை என் மனைவியின் முன்னும் அடுத்ததை என் முன்னும் வைத்துவிட்டு ஏதோ சொன்னார். நீளமான அந்தச் சொற்றொடரில் இரண்டு சொற்கள் மட்டும் எனக்குப் பிடிபட்டன: இப்ராஹீம், பரக்கத். அவருடைய பேத்தி ஜெர்மன் மொழியில் விளக்கினாள். “ஹலீல் இப்ராஹீம் நபியின் பரக்கத்தை, அந்த வளத்தை, அல்லாஹ் உங்களுக்குத் தரட்டும் என்று தாத்தா சொல்கிறார். விருந்தில் நாங்கள் சொல்லும் துஆ, வேண்டுதல் அது.”

அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. இதே இரண்டு சொற்களை ஒரு நாளில் ஐந்து முறையாவது ஒரே வாக்கியத்துக்குள் சொல்லிக்கொண்டிருந்தும், ஒருநாளும் நான் அவற்றைச் சேர்த்துப் பார்த்ததில்லை. ‘கமா பாரக்த அலா இப்ராஹீம்’: இப்ராஹீமுக்கு நீ பரக்கத் செய்ததைப் போல.

அதன் பிறகு நிதானமாகப் படிக்கத் தொடங்கினேன். “உங்களுக்கு ஸலாம் சொல்வது எப்படி என்று அறிவோம், ஸலவாத் சொல்வது எப்படி?” என்று தோழர்கள் கேட்டபோது நபியவர்கள் கற்றுக்கொடுத்த வாசகம் இது, புகாரி, முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்புகளில் பதிவாகியிருக்கிறது. அதை அறிவிக்கும் கஅப் இப்னு உஜ்ரா, தம்மைச் சந்தித்தவரிடம் “உமக்கு ஓர் அன்பளிப்புத் தரட்டுமா?” என்று கேட்டுவிட்டே இதைச் சொல்கிறார். ஊரில் என்னிடமிருந்த தொழுகைக் கையேடு ஸலவாத்தின் முதல் பகுதியில் வரும் ‘ஸல்லி’, இரண்டாம் பகுதியில் வரும் ‘பாரிக்’ இரண்டையும் ‘அருள் புரிவாயாக’ என்றே பெயர்த்திருந்தது. அது தவறென்று சொல்ல முடியாது, ஆனால் வேறுபாடு அழிந்துபோகிறது. அல்லாஹ்வின் ‘ஸலாத்’ என்பது வானவர்களிடையே நபியை அவன் புகழ்வதாகும் என்று முற்கால அறிஞர் அபுல் ஆலியா விளக்கியதை புகாரி எடுத்துத் தருகிறார். ‘பாரிக்’ என்பதன் வேரோ ஒட்டகம் மண்டியிட்டு அமர்வதைக் குறிக்கிறது. தண்ணீர் தேங்கி நிற்கும் குளத்துக்கு ‘பிர்கா’ என்று பெயர். வந்த நன்மை போய்விடாமல் அங்கேயே அமர்ந்து பெருகட்டும் என்பதே அந்தச் சொல்லின் கேட்பு. திறக்காத பெட்டிகளுக்கு நடுவில் தொழுதுகொண்டிருந்த எனக்கு அந்த ஒட்டகம் எவ்வளவு ஆறுதல் தந்தது என்பதைச் சொல்லி விளங்கவைக்க முடியாது.

இப்ராஹீம் நபியே ஊரை விட்டுப் புறப்பட்டவர்தானே. “நான் என் இறைவனிடம் செல்கிறேன், அவன் எனக்கு வழிகாட்டுவான்” என்று சொல்லிக் கிளம்பியவரை குர்ஆனின் 37ஆம் அத்தியாயத்தில் காண்கிறோம். பயிர் விளையாத பள்ளத்தாக்கில் தம் சந்ததியைக் குடியமர்த்திவிட்டுத் துஆச் செய்தவரை 14ஆம் அத்தியாயத்தில் காண்கிறோம். அவரிடம் முன்பின் அறியாத விருந்தினர் வந்தபோது, பொரித்த கன்றைக் கொண்டுவந்து வைத்தார். வானவர்களான அந்த விருந்தினர், முதுமையில் பிள்ளைப்பேறு எப்படி என்று வியந்த அவருடைய மனைவியிடம், “இவ்வீட்டாரே, அல்லாஹ்வின் ரஹ்மத்தும் (அருளும்) அவனுடைய பரக்கத்துகளும் உங்கள்மீது உண்டாகட்டும், நிச்சயமாக அவன் ஹமீத் (புகழுக்குரியவன்), மஜீத் (மகிமை மிக்கவன்)” என்றார்கள் (குர்ஆன் 11:73). எங்கள் ஸலவாத்தின் இரு பகுதிகளும் முடிவது அதே இரண்டு திருநாமங்களில்தான். அம்ஜாவின் மேசையில் பிட்டு வைத்த ரொட்டிக்கும் என் நாக்கு ஓட்டமாய் ஓடிக் கடந்த அந்தக் கடைசிச் சொற்களுக்கும் இருந்த உறவு அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நபிகளில் சிறந்தவரான முஹம்மது நபிக்காகக் கேட்கும்போது ‘இப்ராஹீமைப் போல’ என்று ஏன் ஒப்பிட வேண்டும் என்று அறிஞர்கள் விரிவாக விவாதித்திருக்கிறார்கள். உயர்வு தாழ்வை அளப்பதற்காக அன்றி, முன்பு செய்தவன் நீதான், இப்போதும் செய்வாயாக என்று பழைய கொடையைச் சுட்டிக் கேட்பதே அது என்ற விளக்கம் என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானது. அந்நிய நாட்டு அலுவலக வாசலில் காத்திருப்பவனுக்கு அப்படிக் கேட்கும் துணிவு தேவைப்படுகிறது.

இப்போது முதல் ‘மஜீத்’ வந்ததும் நிறுத்தி, மூச்சு எடுத்துக்கொண்டு ‘பாரிக்’ தொடங்குகிறேன். அதனால் பல நாள் நான் இரண்டாவது ‘மஜீத்’தை அடையும் முன்பே இமாம் ஸலாம் கொடுத்துவிடுகிறார், அம்ஜாவும் வலமும் இடமும் முகம் திருப்பி முடித்துவிடுகிறார். எங்கள் மத்ஹபில் அதற்கு இடமுண்டு என்பதால், இருந்தபடியே மீதியை ஓதி முடித்துவிட்டு நானும் ஸலாம் கொடுக்கிறேன். நான் முடிக்கும் வரை அவர் கை நீட்டாமல் காத்திருக்கிறார்.